செயற்கைக்கோளும் காயாத பனியனும்

அன்பர்களே, சென்ற வாரம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதற்கு, காரில் பொருத்தும் ஹாம் ரேடியோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எளிய வேலை. இரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். அதைக் கெடுப்பதற்கும் ஒரு தனித்திறமை வேண்டும் அல்லவா? அது என்னிடம் நிறைய இருந்தது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாம் என்பவர்கள் தேர்வெழுதி, உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானலையில் பேசுகிறவர்கள். எங்களுக்கென்றே சில சிறு செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒன்று நம் வானத்தில் எழுந்தால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏற்காட்டில் இருப்பவர் பேசினால் காஷ்மீரில் இருப்பவர் கேட்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆகவே அந்தப் பத்து நிமிடமும் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டு என் பொறுப்பு. பெயர் வாசித்து முடித்ததும், நாள்தோறும் ஒரு நீதிக்கதை சொல்லித்தான் அனுப்புவேன். பத்தொன்பது ஆண்டுகளாக இது தவறியதில்லை. ஒருவரும் மறுத்துப் பேசியதும் இல்லை. கதை நன்றாக இருப்பதால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி என் மனைவி செல்வியின் வழக்கைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு மாடியின் கிழக்கு மூலையில் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருக்கிறேன், ஆண்டெனாவுக்காக. மூடுபனிக் காலத்தில் எங்கள் வீட்டில் ஓரிரு மணி நேரமாவது வெயில் விழும் இடம் அந்த மூலை மட்டுமே. அங்கே துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டும் என்பது செல்வியின் கட்சி. அறிவியல் நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

"ஏனுங்க, பத்து நாளா ஊட்டுக்குள்ள துணி தொங்குது. சோறு திங்கற எடத்துல உங்க பனியன் சொட்டுது. அந்தக் கம்பத்துல ஒரு காக்காகூட உக்காரலை. எனக்குக் குடுத்துருங்க."

"செல்வி, அது வானத்தோடு உரையாடும் கம்பம்."

"வானம் என்னைக்காவது மறுபேச்சு பேசுச்சுங்களா?"

பேசவில்லைதான். ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் செயற்கைக்கோள் வழியாக ஒரே ஒரு மனிதராவது எனக்கு மறுமொழி சொல்லிவிட்டால் கம்பம் எனக்கு. இல்லையென்றால் ரேடியோ திரும்பிப் போகும்; கம்பம் கொடிக்கு. தீர்ப்புச் சொல்லும் உரிமை செல்விக்கு.

நீதிபதியே எதிர்க்கட்சியாக இருக்கும் வழக்கில் கையெழுத்திட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதிக்குப் போனோம். அங்கே சண்முகம் கடை வைத்திருக்கிறார். ஓட்டல்களுக்கு மைக்செட், விளக்கு எல்லாம் பழுது பார்ப்பவர், மூத்த ஹாம். என்னைத் தேர்வெழுத வைத்தவரும் அவர்தான். இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார்.

ஒன்று பழையது. மூலை தேய்ந்து, கீறல் விழுந்து, திரை மங்கிக் கிடந்தது. மற்றது புதியது. வண்ணத்திரை, நீலவிளக்கு, ஒரே திரையில் மேலும் கீழுமாக இரண்டு அலைவரிசைகள்!

"ரைட்டரய்யா, நீங்க கேக்கற வேலைக்கு இந்தப் பழசுதானுங்க. ஏன்னா செயற்கைக்கோளு ஒரு அலைவரிசையில வாங்கி இன்னொண்ணுல திருப்பி அனுப்பும். நாம பேசறப்பவே நம்ம குரலு..."

"சற்றுப் பொறுங்கள் சண்முகம். இந்த இடத்தில் ஒரு கதை பொருந்தும்."

செல்வி பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அனுபவம் உண்டு.

ஒருவன் சந்தைக்குக் குடை வாங்கப் போனான். பூப்போட்ட குடை ஒன்று, சாயம் போன குடை ஒன்று. பூப்போட்டதை வாங்கினான். மழை வந்தது. பூவெல்லாம் குடையில் இருந்தது. தண்ணீரெல்லாம் தலையில் இருந்தது. இதைத்தான் சொன்னேன். விரிவாகச் சொன்னேன்.

"அதையேதானுங்க நானும் சொல்றேன்," என்றார் சண்முகம். "பழசை எடுங்க."

"கதையை முடிக்க விடுங்கள். அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது உண்மை. ஆனால் அழகாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்குவதும் ஏமாறுவதுதான். இந்தப் புதியதில் இரண்டு அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. ஆகவே ஒன்றில் பேசும்போதே மற்றொன்றில் கேட்கும் என்பது வெளிப்படை."

"அங்கதானுங்க சூட்சுமம். தெரியறது வேற, கேக்கறது..."

அந்த நேரம் பார்த்து ஓட்டல் ஒன்றிலிருந்து ஆள் வந்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் மைக் இரைகிறதாம். சண்முகம் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடும்போதே, "ரெண்டையும் சோதிச்சுப் பாருங்க, ரைட்டரய்யா! பேசியும் பாருங்க, கேட்டும் பாருங்க!" என்று கத்தினார்.

நான் பேசிப் பார்த்தேன். செல்வியிடம் ஒரு சிறு ரேடியோவைக் கொடுத்துத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டு, புதிய பெட்டியில் கால்மணி நேரம் பேசினேன்.

திரும்பி வந்து, "நொம்பத் தெளிவா இருந்துச்சுங்க," என்றாள். "தப்பிக்க வழியே இல்லை."

போதாதா? புதியதையே எடுத்துக்கொண்டேன். கேட்டுப் பார்க்கும் பகுதி நினைவுக்கே வரவில்லை. பத்தொன்பது ஆண்டு பெரட்டு நடத்தியவனுக்கு அப்படி ஒரு பகுதி உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

அன்று மாலை சண்முகம் போனில் ஒரே ஒரு விதி சொன்னார். "பட்டனை அமுக்கிப் பேசறப்ப உங்க குரலே வானத்துல இருந்து ஸ்பீக்கர்ல திரும்பி வரணுமுங்க. வந்தாத்தான் போய்ச் சேந்துச்சுன்னு அர்த்தம். அது வர்ற வரைக்கும் ஆண்டெனாவைத் திருப்பிக்கிட்டே இருங்க. வந்தப்புறம் யாரையாவது கூப்பிடுங்க."

எந்தப் பெட்டியை எடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. பழையதைத்தான் எடுத்திருப்பேன் என்று நம்பிவிட்டார் போலும். குடைக்கதை சொன்னவன் அல்லவா நான்!

ஞாயிறு காலை சேர்வராயன் கோயில் மைதானத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினோம். அங்கேதான் நான்கு பக்கமும் வானம் திறந்து கிடக்கும். பெட்டி காருக்குள், மைக் என் கையில், மீன்முள் போன்ற ஆண்டெனா செல்வியின் கையில்.

பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, போர் போடப் பாயிண்ட் பாக்கறீங்களா?"

"இல்லைங்க," என்றேன்.

"அதானே. தண்ணி கீழயில்ல இருக்கும். அக்கா மேல காட்டறாங்களேன்னு பாத்தேன்."

"மழைத்தண்ணி பாக்கறாருங்க," என்றாள் செல்வி. "ரெண்டு மொளகா பஜ்ஜி போட்டு வைங்க, வந்தர்றேன்."

செயற்கைக்கோள் எழும் நேரம் வந்தது. பட்டனை அழுத்தினேன். என் அழைப்புக் குறியீட்டைச் சொன்னேன். ஸ்பீக்கரில் என் குரல் வரவில்லை.

"இடப்பக்கம் திருப்பு, செல்வி."

திருப்பினாள். குறியீட்டை மறுபடி சொன்னேன். வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை எண்ணினேன். வரவில்லை. விதி தெளிவாக இருந்தது: என் குரல் கேட்கும் வரை பேச வேண்டும். ஆகவே பட்டனை விடாமல் பேசினேன்.

எண்களும் அலுத்துவிட்டன. அதற்குப் பிறகு எனக்கு இயல்பாக வருவது எது? நீதிக்கதை!

"அன்பர்களே! ஒரு தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் இருந்தது. அதன்மேல் ஒரு மிளகுக்கொடி படர்ந்தது. மரம் கொடியைப் பார்த்து, நான் இல்லையென்றால் நீ யார் என்று கேட்டது..."

காருக்குள் என் போன் அடித்தது. நின்றுவிட்டு மறுபடி அடித்தது. திரையில் சண்முகத்தின் பெயர். எடுத்தேனா? இல்லை. கவிழ்த்து வைத்தேன். "கைப்பேசியின் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடுகிறவன் தன் வாழ்வின் அழைப்பைக் கேட்க மாட்டான்," என்று மைக்கிலேயே ஒரு கருத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கை வலிக்குது," என்றாள் செல்வி.

"உயர்ந்த நோக்கங்கள் கை வலிக்காமல் நிறைவேறுவதில்லை, செல்வி. ஒரு கம்பத்தில் அறிவியலைப் பார்ப்பவர்களும் உண்டு. அதே கம்பத்தில் ஈரத்துணியை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு."

அவள் ஆண்டெனாவோடு மைக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"ஈரத்துணியா? போன வாரம் காயாத பனியனைப் போட்டுக்கிட்டுப் பெரட்டுக்குப் போனீங்களே, நாத்தம் தாங்காம கங்காணி பழனியம்மா பத்தடி தள்ளி நின்னு பேரு குடுத்துச்சே, அதையும் கதையாச் சொல்லுங்க!"

"அது பனிமூட்டத்தின் நாற்றம்!"

"பனிமூட்டம் அக்குள்லயா இருக்கும்?"

என் பெருவிரல் பட்டனின்மேல் உறுதியாக இருந்தது. கொள்கைப் பிடிப்புள்ளவன் நான்.

இப்போது செல்வியின் போன் அடித்தது. அவள் ஆண்டெனாவைப் பஜ்ஜிக்காரர் கையில் திணித்துவிட்டுப் போனை எடுத்தாள். அவர் ஒரு கையில் சாரணிக் கரண்டியும் மறு கையில் ஆண்டெனாவுமாக, உண்மையைச் சொல்வதென்றால், எங்கள் இருவரையும்விட நேராகப் பிடித்தார்.

செல்வியின் முகத்தில் ஒரு மலர்ச்சி பரவியது. கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. அழைத்தவர் சண்முகம். போனை ஸ்பீக்கரில் போட்டு என் காதருகே நீட்டினாள்.

"அக்கா, அவர் பட்டனை விடச் சொல்லுங்க, அக்கா! முதல்ல இருந்து எல்லாம் போகுதுங்க! நாடு பூரா கேக்குது! உங்க சண்டை வரைக்கும் வந்துருச்சு!"

பட்டனை விட்டேன்.

விட்டதும் ஸ்பீக்கருக்கு உயிர் வந்தது. ஆங்கிலத்தில் ஒருவர், இந்தியில் ஒருவர், தமிழில் ஒருவர். மொழிகள் மூன்று, பொருள் ஒன்று: நிறுத்துங்கள். பிறகு ஓர் இரைச்சல். செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

சண்முகம் போனிலேயே விளக்கினார். புதிய பெட்டி இரண்டு அலைவரிசைகளைக் காட்டும். ஆனால் பேசும்போது அதன் காது மூடிக்கொள்ளும். நான் எத்தனை ஆண்டு பேசினாலும் என் குரல் அதில் திரும்பி வராது. காரில் வைக்கும் பெட்டி என்பதால் வலு வேறு அதிகம். கையடக்கப் பெட்டிகளோடு ஆங்காங்கே மொட்டைமாடிகளில் காத்து நின்ற நல்லவர்கள் எல்லோரும் என் சில்வர் ஓக் மரத்தின் அடியில் நசுங்கிக் கிடந்திருக்கிறார்கள்.

நான் அவமானத்தால் குறுகினேன். ஆனால் கம்பத்தை மறக்கவில்லை.

"செல்வி, எப்படியானாலும் மறுமொழி வந்துவிட்டது. ஒன்றல்ல, மூன்று!"

"நிறுத்துன்னு சொல்றதெல்லாம் மறுமொழியாங்க? அதை நான் தெனமுந்தான் சொல்றேன்."

வழக்குத் தள்ளுபடி.

அதே செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி வரும். அதுதான் ஒப்பந்தத்தின் கடைசி வாய்ப்பு. அதற்குள் சண்முகம் வண்டியில் மலையேறி வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். பளபளக்கும் பெட்டியைப் பார்த்தார். "குடைக்கதையை முழுசாக் கேட்டது நான் மட்டுந்தானுங்களா, ரைட்டரய்யா?" என்றார். அதோடு என்னை விட்டுவிட்டார். பெரிய மனிதர்!

பழைய பெட்டி கடையில் பிரித்துப் போட்டபடி இருந்ததாம். எடுத்துவர நேரமில்லை. பதிலாக ஒரு சிறு ரேடியோவும் காதில் மாட்டும் ஒயரும் கொண்டுவந்திருந்தார். அதைச் செல்வியிடம் கொடுத்தார்.

"அக்கா, ஐயா பேசறப்ப அந்தப் பெட்டிக்குக் காது கேக்காது. அதனால இனிமே நீங்கதான் காது. ஐயா குரல் திரும்பி வந்தா தோள்ல ஒரு தட்டு. யாராவது பேச வந்தா ரெண்டு தட்டு. ரெண்டு தட்டுனா ஐயா உடனே வாயை மூடணும்."

"எப்பப் போட்டாலும் மூடணுங்களா?"

"எப்பப் போட்டாலும்."

"இந்தச் சட்டம் எத்தனை நாளைக்குச் செல்லுமுங்க?" என்று கேட்டாள் செல்வி.

மறுபடி வானம் திறந்தது. பஜ்ஜிக்காரரிடமே ஆண்டெனாவைக் கொடுத்தோம். இந்த முறை நான் பிடிக்கட்டுமா என்று சண்முகம் கேட்டதற்கு, "உடுங்க, எனக்குக் கை பழகிருச்சு," என்றுவிட்டார்.

பட்டனை அழுத்தி என் குறியீட்டைச் சொன்னேன். உடனே தோளில் ஒரு தட்டு. போய்ச் சேர்ந்துவிட்டது! அந்த மகிழ்ச்சியில், "அன்பர்களே, சற்று முன் நிகழ்ந்த தவறுக்கு..." என்று தொடங்கினேன்.

இரண்டு தட்டு. தட்டு என்பது மரியாதைக்காக. அடி என்பதே பொருத்தம்.

பட்டனை விட்டேன். ஸ்பீக்கரில் ஒரு குரல் தெளிவாக வந்தது. தன் குறியீட்டைச் சொன்னது. தூத்துக்குடியிலிருந்து பேசுவதாகச் சொன்னது. மறுமொழி! எனக்கே எனக்கான மறுமொழி! என் கண்கள் கலங்கிவிட்டன.

பிறகு அந்தக் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது: "ஐயா, ஒங்க பனியன் காஞ்சிட்டா?"

சண்முகம் காரின் பின்பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. செல்வி சிரிக்கவில்லை. நீதிபதிக்குரிய முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானலையில் பொய் சொல்லக் கூடாது. நீண்ட விளக்கம் சொல்ல நேரமும் இல்லை. தோளுக்கு மேலே ஒரு கை தயாராக நின்றது. பட்டனை அழுத்தி, என் வாழ்விலேயே மிகச் சிறிய உரையை நிகழ்த்தினேன்.

"இன்னும் இல்லைங்க. நன்றி."

"அம்மாகிட்ட கம்பத்தக் குடுத்துருங்கய்யா," என்றது தூத்துக்குடி. அடுத்தவர் பேச வந்தார். நான் ஒதுங்கி நின்றேன்.

தீர்ப்பு இறங்கும் வழியிலேயே வழங்கப்பட்டது. மறுமொழி செல்லும், ஆகவே கம்பமும் ரேடியோவும் எனக்கு. ஆனால் மறுமொழி சொன்னவரே கம்பத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டபடியால், கம்பத்தின் உச்சி மட்டும் எனக்கு. கைக்கு எட்டும் உயரம் முழுவதும் கொடிக்கு. மேல்முறையீடு கிடையாது.

புதிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, பேசும்போதே கேட்கும் அந்தப் பழைய பெட்டியை வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

"இருக்கறதே போதுங்க," என்றாள் செல்வி. காதிலிருந்த ஒயரை அவள் இன்னும் கழற்றியிருக்கவில்லை. "அதான் நான் கேக்கறனில்ல."

ஆனாலும் வற்புறுத்தி வாங்கிவிட்டேன். என் தோளுக்கும் ஓர் எல்லை உண்டு.

ஆகவே, அன்பர்களே! செயற்கைக்கோளுக்கென்று ரேடியோ வாங்கப் போகிறவர்களே! திரையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை அலைவரிசை தெரிகிறது என்று எண்ணாதீர்கள். கடையிலேயே பட்டனை அழுத்திக்கொண்டு, அந்த நேரத்தில் அதற்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். பெட்டி தேறிய பிறகு, அதே சோதனையை உங்களுக்கும் ஒரு முறை செய்துகொள்ளுங்கள். பேசுவதை நிறுத்தாதவனுக்கு எதிரே நாடே நின்று கத்தினாலும் அமைதியாகத்தான் தெரியும். அந்த அமைதியைப் பாராட்டு என்று எண்ணிப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தவன் சொல்கிறேன்.

இந்த உண்மையை உடனே கடைப்பிடிப்பதென்று உறுதி பூண்டு, திங்கட்கிழமை காய்ந்த பனியனோடு பெரட்டுக்குப் போனேன். பெயர்களை வாசித்தேன். வேலையைப் பிரித்தேன். கதை எதுவும் சொல்லாமல், "போய் வாருங்கள்," என்றேன்.

வரிசை அசையவில்லை. கங்காணி பழனியம்மாள் பத்தடி தள்ளி நின்ற இடத்திலிருந்து மெல்ல அருகே வந்து, என் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரய்யா, உடம்புக்கு என்னுங்க?"